தண்ணீரில் முங்கிய பம்பு

1. நீலம் போதும்

கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேல்ஸ்மேனாக இருபது வருஷத்துக்கு மேல் நின்றேன். பத்தாம் வகுப்போடு வந்தவன். மருந்துகளின் பெயரை டாக்டர்களின் கிறுக்கலிலிருந்தும், நோய்களின் பெயரை வந்தவர்களின் வாயிலிருந்தும் படித்தேன். ஆஸ்துமாவைத் தமிழ்க்காரர் இளைப்பு என்பார். மலையாளத்தில் வலிவு என்பார்கள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறது என்றார் ஒரு கொத்தனார். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் புரைக் கொட்டகையில் வேலை செய்த புஷ்பலீலா சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல்.

"காத்து உள்ள வாடகைக்கு வந்து இருக்கு அண்ணே. காலி பண்ணுன்னா எறங்க மாட்டேங்கு."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் இரைத்தது.

டாக்டர் அவளுக்கு வாயில் வைத்து அடித்து உறிஞ்சும் இன்ஹேலர், எங்கள் பேச்சில் பம்பு, இரண்டு எழுதியிருந்தார். ஒன்று மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்க தினமும் தவறாமல் அடிப்பது. மற்றது நீலம், மூச்சு முட்டும்போது மட்டும் அடிப்பது. இரண்டாம் மாசமே முதலாவதை ஒதுக்கிவிட்டாள்.

"அத அடிச்சா ஒண்ணும் தெரியல்ல. நீலம் போதும். அதாக்கும் உடனே கேக்குது."

"செரி மக்கா" என்று நீலத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். முதலில் ஒரு பம்பு மூன்று மாசம் வந்தது. பிறகு ஒரு மாசம். பிறகு இரண்டு வாரம். நோய் முற்றுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவள் அடிக்கடி வருகிறாள், புதிதாக ஏதாவது சொல்வாள் என்ற சந்தோஷம்தான் எனக்கு.

2. ஒரு டம்ளர்

ஒருநாள் அதே புரையில் வேலை செய்யும் கணவன் ஸ்டீபனோடு வந்தாள். "இதில மருந்து உண்டா, தீந்துதான்னு எப்பிடி அண்ணே தெரியும்?" என்று கேட்டான் அவன்.

பம்புக்குள் இருக்கும் குப்பியைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். முங்கினால் மருந்து உண்டு, மிதந்தால் தீர்ந்தது.

"அண்ணன் சயின்டிஸ்டாக்கும்!" என்றாள் புஷ்பலீலா.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் புரையில் வைத்து மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் செத்துப்போனாள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மூன்றாம் நாள் ஸ்டீபன் கடைக்கு வந்து நீலப் பம்பைக் கவுண்டரில் வைத்தான்.

"அவ அடிச்சா, அடிச்சா, கேக்கல்ல. நான் குப்பிய தண்ணியில போட்டுப் பாத்தேன். முங்கிச்சு அண்ணே. மருந்து உண்டு, இப்பம் கேக்கும்னு அவள அங்ஙனேயே இருத்தினேன். பின்ன ஆட்டோ புடிச்சு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போவும்ப, அமரவிளை வரைக்குந்தான் மூச்சு இருந்துது. மருந்து இருந்தும் ஏன் கேக்கல்ல?"

அழுத்திப் பார்த்தேன். புஸ்ஸென்று நன்றாகத்தான் வந்தது.

அவன் போன பிறகு புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த கடுதாசியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். இத்தனை வருஷமும் உதிரி மாத்திரை மடிக்க நான் எடுத்த கடுதாசி. தண்ணீரில் போட்டுப் பார்க்கக் கூடாது என்று அதில் இருந்தது. மருந்து தீர்ந்த பிறகும் அதைத் தள்ளும் வாயு உள்ளே மிச்சம் கிடக்கும். குப்பி முங்கும், சத்தமும் வரும். ஒரு குப்பிக்கு இருநூறு தடவை, அடித்த தடவைகளை எண்ணுவதுதான் வழி.

3. மறுபடி சொன்னது

ஸ்டீபனின் வீட்டுக்குப் போய், நான் சொல்லித் தந்தது பிழை என்றேன். அவன் திட்டுவான் என்று நினைத்தேன்.

"அப்பம், நான் அவள இருத்தின நேரத்தில ஆட்டோ புடிச்சிருந்தா..." என்று நிறுத்தினான். பிறகு, "வேற எத்தன பேருட்ட அண்ணன் இத சொல்லிருக்கு?" என்றான்.

மறுநாளே, டம்ளர் வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர்களைத் தேடி வீடு வீடாக இறங்கினேன். எண்ணி அடியுங்கள், தினசரிப் பம்பை நிறுத்தாதீர்கள், நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள், அடித்தும் கேட்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னேன். பூனைக்குட்டிக் கொத்தனார் வீட்டில் ஜன்னலோரம் டம்ளரும் தண்ணீரும் தயாராக இருந்தன.

ஒருத்தி மட்டும் பாக்கி. தனுவச்சபுரம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். "தொண்டையில வைக்கோல் அடைச்சது போல இருக்கு அண்ணே" என்பாள். அந்தச் சொல் அப்படியே நினைவிருக்கிறது. பெயரோ வீடோ கேட்டு வைக்கவில்லை.