மேற்கு ஜன்னலும் லேபிள் ஆரஞ்சும்

வெயில்ல சூடான ஈர பெயின்ட் வாசம்... இன்னைக்கும் அது மூக்குல ஏறினா ஒரு தடவை தெருப் பக்கம் எட்டிப் பார்த்துருவேன். பிழைப்பே அதுலதான்னாலும்!

டிப்ளமோ முடிச்சிட்டு சிவகாசியில ஒரு சின்ன இன்டீரியர் ஆபீஸ்ல சேர்ந்த புதுசு. தனியா பார்த்துக்கன்னு குடுத்த முதல் வேலை, திருத்தங்கல்ல ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் முத்துப்பாண்டி அண்ணன், ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டுறவர். அவர் சம்சாரம் செல்வி அக்காவுக்கு வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில வேலை. ஒரே பொண்ணு மீனா, மூணாம் கிளாஸ். அண்ணனுக்கும் அக்காவுக்கும் நான் 'பாப்பா'.

எனக்கு கலர் வீல் எல்லாம் தலைகீழ் மனப்பாடம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வார்ம்... சுவர் நம்ம பக்கம் நெருங்கி வர்ற மாதிரி இருக்கும். நீலமும் பச்சையும் கூல்... சுவர் தள்ளிப் போய் ரூம் பெருசாத் தெரியும். எதிரெதிர் கலரைப் பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும். இம்புட்டையும் படிச்ச மேதாவி நானு!

அண்ணன் காலமெல்லாம் பட்டாசுப் பெட்டி லேபிள் அச்சடிச்சவர். ஒரு லேபிளைக் கொண்டாந்து ஹால் சுவர்ல வச்சுக் காட்டினார். பளீர்னு ஆரஞ்சு, ஓரத்துல கருநீலம்.

"இதுதான் பாப்பா வேணும். கடையில எம்புட்டுப் பெட்டி அடுக்கியிருந்தாலும் இதுதான் கண்ணை இழுக்கும்."

"கடையில இழுக்கணும்ண்ணே. இங்கன நீங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிடப் போறீக. அதுவும் மேக்கு ஜன்னல், சாயங்கால வெயில் நேரா இந்தச் சுவர்லதான் விழும். வெளிர் பச்சை அடிச்சா குளுமையா இருக்கும்."

"குளுமைக்குத்தான் ஃபேன் இருக்குல்ல?"

அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னேன். அவளுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுட்டார்.

அன்னைக்கு அக்கா வேலைக்குக் கிளம்பின பிறகு ஆரம்பிச்சு, நாலு மணி வாக்குல ரெண்டாவது கோட்டும் முடிஞ்சது. அண்ணன் ஷிஃப்டுக்குப் போயிட்டார். பக்கத்து ரூம்ல பெயின்டர் பட்டி தேய்ச்சிக்கிட்டு இருந்தார். மீனா ஸ்கூல் விட்டு வந்து தரையில உக்காந்து ஹோம்வொர்க் எழுதுது. எனக்கு ஒரு இடத்துல நிக்க முடியல... அக்காவுக்குப் பிடிக்கலைன்னா முதல் வேலையே ஊத்திக்குமேன்னு பதட்டம்.

வெயில் இறங்குச்சு. ஈரச் சுவர் அப்படியே பத்திக்கிட்ட மாதிரி ஆச்சு. வெள்ளை சீலிங் ஆரஞ்சு, தரை ஆரஞ்சு, மீனா முகம் ஆரஞ்சு. பட்டித் தூசி வேற ஜன்னல் வழியா வெள்ளையா வெளிய போய்க்கிட்டே இருக்கு...

தெரு முனையில கம்பெனி வேன் வந்து நிக்கிற சத்தம். அடுத்த நிமிஷம் ஒரு அலறல்.

"ஏ மீனா...! மீனா...!"

தெருவுல இருந்து பார்த்தவங்களுக்கு ஜன்னல் முழுக்க நெருப்பு, மேல புகை. எனக்கு அது அப்பத்தான் உறைச்சது. அக்கா படியில தடுக்கி விழுந்து, முட்டியில ரத்தத்தோட உள்ள பாஞ்சு, பிள்ளையை அள்ளிக்கிட்டு வெளிய ஓடிட்டாங்க. பின்னாடியே நாலஞ்சு பொம்பளைங்க, தெருக்குழாய்ல இருந்த குடத்தோட. ஒருத்தங்க ஊத்தியே ஊத்திட்டாங்க. ஈர பெயின்ட் சுவர்ல கோடு கோடா வழியுது.

வேற ஊரா இருந்தா சிரிச்சிருப்பாங்க. இங்க ஒருத்தர்கூட சிரிக்கல. குடத்தோட வந்தவங்க எல்லாம் அதே வேன்ல வந்து இறங்குனவங்க.

அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடுத்தெருவுல உக்காந்திருந்தாங்க. கம்பெனியில இருந்து கையில ஒட்டிக்கிட்டு வந்த சில்வர் பவுடர் மீனாவோட வெள்ளைச் சட்டை முதுகுல அப்படியே ஒட்டியிருந்துச்சு.

"எனக்கு ஆகிருமோ, எனக்கு ஆகிருமோன்னுதான் தெனம் பயந்துக்கிட்டுப் போவேன் பாப்பா... பிள்ளைக்குன்னு ஒருநாளும் நெனைக்கலயே. வீட்டுல இருக்கா, பத்திரமா இருக்கான்னுல்ல இருந்தேன்..."

எனக்கு அழுகை வந்துருச்சு.

சேதி கேட்டு ஓடிவந்த அண்ணன் ஈரச் சுவரைப் பார்த்தார். "நீங்க சொன்ன பச்சையவே அடிச்சிருங்க பாப்பா"ன்னார். ஆரஞ்சு மேல நேரா பச்சை அடிச்சா சாணிக் கலராத்தான் வரும். வெள்ளை பிரைமர் போட்டு மறைச்சுட்டுத்தான் அடிச்சோம். அக்கா வந்து சுவரைத் தடவிப் பார்த்துட்டு, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு"ன்னாங்க.

இப்பல்லாம் எனக்கு அந்தக் கலர் பதட்டம் கிடையாது. லேப்டாப்ல த்ரீ டி வியூ... காலை வெயில், சாயங்கால வெயில் எல்லாம் பெயின்ட் டப்பா திறக்குறதுக்கு முன்னாடியே காட்டிடலாம். மீனா காலேஜ் படிக்குது. அக்கா இன்னும் அதே வேலைக்குத்தான் போறாங்க.

அப்பல்லாம் கம்பெனியில என்ன நடந்தாலும் வேன் வந்து சேர்ந்தாத்தான் தெரியும். இப்ப வேன் வர்றதுக்குள்ள நியூஸ் வந்துடுது. போன வாரமும் வந்துச்சு... வெம்பக்கோட்டை அருகே பட்டாசு ஆலையில வெடி விபத்துன்னு. கம்பெனி பேர் இல்ல. கம்பெனிக்குள்ள போன் கொண்டு போகக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சும் அக்கா நம்பரை அடிச்சுக்கிட்டே இருந்தேன். எதிர்ல கிளையண்ட், சுவருக்கு ஐவரியா, கிரீமான்னு கேட்கிறார். "எல்லாம் ஒண்ணுதான் சார்"னுட்டேன். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் நான் சோறு திங்கிறேன்!

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாங்க.

"எங்க கம்பெனி இல்ல பாப்பா. பக்கத்து கம்பெனி."

'நல்லவேளை'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அக்காவுக்கும் வந்திருக்கும். ரெண்டு பேருமே சொல்லல... அந்தக் கம்பெனி வேனுக்காகவும் ஏதோ ஒரு தெரு முனையில ஒரு பிள்ளை காத்துக்கிட்டு இருக்கும்ல.