தவமணி ரீச்சருக்காக நான் சொல்லாத சாட்சி

சங்கக்கடை வரிசையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நின்று, வழக்கம்போல அடுத்த வீட்டுக் கதை ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்றவர் திரும்பினார். "மாஸ்ரர், உந்தக் கதையை விடும். தவமணி ரீச்சர் விடிய மோசம் போட்டா, பின்னேரம் செத்தவீடு." கதை பாதியில் நின்றது. என் வாய்க்கு அது புது அனுபவம்.

எங்கள் சின்ன ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் இரண்டு. கிழக்கில் ரீச்சர் அதிபர்; மேற்கில் நான் ஆசிரியர். இரண்டிலும் எட்டாம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்புச் சோதனைப் பெறுபேறு வந்ததும் எது மேல், எது கீழ் என்று சந்தியில் தீர்ப்பு எழுதுவார்கள்.

தெல்லிப்பழைப் பக்கச் சனம் சண்டையில் இடம்பெயர்ந்து வந்த ஆண்டில், கொப்பி பென்சில்கூட இல்லாத பிள்ளைகளையெல்லாம் ரீச்சர் சேர்த்தார். "உங்கடை பெறுபேறு விழப்போகுது ரீச்சர்" என்று நக்கலடித்தேன்.

"பிள்ளையள் இருக்க வாங்கிலை இடமிருக்கோ எண்டு பாப்பம் மாஸ்ரர். புள்ளியைப் பிறகு பாப்பம்" என்றார்.

எங்கள் அதிபர் வேறு ரகம். சோதனைக்குச் சில மாதம் முன்பே, தேறமாட்டார்கள் என்று பட்ட பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவார். அந்த ஆண்டு ஏழு பேர். ஏழு பத்திரத்தையும் எழுதியது நான்; அழகான கையெழுத்து என்ற பெருமை வேறு. ஏழு பேரும் கிழக்குக்குப் போனார்கள். ரீச்சர் சேர்த்துக்கொண்டார்.

பெறுபேறு வந்தது. எங்களிடம் எல்லோரும் சித்தி, ஒருவர்கூடத் தவறவில்லை. அங்கே பாதிப்பேர் சறுக்கினார்கள். பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கி என் கையில். "கிழக்கில் உதிக்கிறது சூரியன் மட்டும்தான். பெறுபேறு மேற்கில்தான் உதிக்கும்!" பந்தல் அதிர்ந்தது. முன்வரிசையில் விருந்தினராக இருந்த ரீச்சரும் சிரித்தார்.

அடுத்த தவணைக்குள் கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் பெற்றோர் எங்களிடம் மாற்றினார்கள். கிழக்கில் ஆறு முதல் எட்டு வரை மூடுவதா என்று விசாரிக்க அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுப் படலைக்கு வந்தார்.

"அந்த ஏழு பேரும் எங்கையிருந்து வந்தவை எண்டு அவருக்கு ஒருக்காச் சொல்லுவீரோ? நான் சொன்னால் தோல்விக்குச் சாட்டுச் சொல்லுறன் எண்டுவினம்."

"ஓம் ரீச்சர், கட்டாயம் வாறன்."

அதிகாரி வந்த அன்று எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். மனைவி அவித்துத் தந்த மல்லித்தண்ணீரையும் வெட்கமில்லாமல் குடித்தேன். எங்கள் அதிபரின் முகத்துக்குப் பயந்ததுதான் அந்தக் காய்ச்சல்.

வகுப்புகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்த அந்த ஏழு பேரையும் எங்கள் அதிபர் திருப்பி எடுக்கவில்லை. இரண்டு பேர் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனார்கள். மற்றவர்கள் படிப்பை விட்டார்கள்.

பிறகு ஒருநாள் கோயில் வீதியில் ரீச்சர், "காய்ச்சல் சுகமே மாஸ்ரர்?" என்று கேட்டார். நக்கலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டார். அதன்பிறகு அவர் சைக்கிளைக் கண்டால் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிப் போய்விடுவேன்.

அவரிடம் எழுத்துப் படித்தவர்கள், சோறு சாப்பிட்டவர்கள் இந்த அஞ்சலிக்குச் செவிகொடுக்கும் உங்களில் இருக்கிறார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு உதவிதான். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், நீங்களாவது கேளுங்கள். அந்த ஏழு பேரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அனுப்பிவிட்டுச் சிரித்தது நாங்கள்.