ஒன்று பெரிதா, பத்து பெரிதா?

அமெரிக்காவின் டுலூத் நகரத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை ஓர்ஃபா லிண்ட்குவிஸ்டுக்கு. பகலெல்லாம் ஊரார் பேச்சுக்குக் கம்பி செருகிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்கென்று வேறோர் உலகம். நாடெங்குமுள்ள விண்வெளிக் கதைப் பைத்தியங்கள் ஐம்பது பேருக்கு அவள் ஒரு பத்திரிகை நடத்தினாள். தட்டில் ஜெல்லி காய்ச்சி ஊற்றி, ஊதா மையில் எழுதிய தாளை அதன்மேல் ஒற்றி எடுத்துவிட்டு, வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக அழுத்தினால் ஐம்பது பிரதி தேறும். அதற்கு மேல் எழுத்து ஆவியாகிவிடும்.

பத்திரிகையில் அவள் பெயர் "ஓ. லிண்ட்குவிஸ்ட்". ஆண் என்று நினைத்துத்தான் எல்லோரும் எழுதினார்கள். அவளும் திருத்தவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அந்தக் கூட்டத்துக்கு வாக்கெடுப்பு என்றால் உயிர். சிறந்த கதை, சிறந்த அட்டைப்படம் என்று எதற்கும் மதிப்பெண் போடாமல் சோறு இறங்காது. 1940இல் அந்தப் பொறுப்பு ஓர்ஃபாவிடம் வந்தது. எட்டாவது கேள்வியை நைசாக நுழைத்தாள்: "மில்வாக்கியில் நடக்கும் கோடைச் சந்திப்புக்குப் பெண்கள் வரலாமா? ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இடுக." பதில் நன்றாக இருந்தால் போவது, இல்லையென்றால் அந்த ஆசையையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

நாற்பத்து மூன்று பதில்கள் வந்தன. எட்டாவது கேள்விக்குச் சராசரி மூன்று.

"என்னடி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்றாள் அக்கா ஹுல்டா.

"பொம்பளைங்க வேண்டாமாம்க்கா. பத்துக்கு மூணு."

"இதுக்குத்தான் என் கேக் தட்டை ஊதாவாக்குனியா? சரி, அந்த செவ்வாய்க் கிரகக் கதைக்கு எவ்வளவு?"

"ரெண்டு."

"அதைத் தலையில தூக்கி வச்சு ஆடுறானுங்கன்னு நீதானேடி வருஷம் பூரா சொன்னே?"

ஓர்ஃபா வினாத்தாளைப் புரட்டினாள். எது உயர்வு என்று எழுதவே இல்லை. பதில்களைப் பார்த்தால், ஒருசிலர் மட்டும் பள்ளிக்கூடக் கணக்கில் பத்தை உச்சம் என்று எடுத்திருந்தார்கள். மற்றவர்களெல்லாம் பந்தயக் கணக்கில் ஒன்றை முதலிடம் என்று போட்டிருந்தார்கள்.

"அப்போ ஒண்ணு போட்டவனையெல்லாம் பத்துன்னு மாத்து" என்றாள் ஹுல்டா.

"நிஜமாவே பிடிக்காதவனும் அதுல இருப்பான்க்கா. எனக்கு வேணும்கறதுக்காகத் திருப்பிப் போட்டா அது கருத்துக்கணிப்பு இல்ல."

மறுநாளே ஐம்பது அஞ்சலட்டை வாங்கினாள். "தவறு என்னுடையது. பத்துதான் உயர்வு. முதலில் எட்டாவது கேள்விக்கு மட்டும் மறுபடி பதில் வேண்டும்." கீழே கையெழுத்திடும்போது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு முழுதாக எழுதினாள்: "ஓர்ஃபா லிண்ட்குவிஸ்ட். நான் பெண்."

பத்து நாள் கிணற்றில் போட்ட கல். அப்புறம் அட்டைகள் வரத் தொடங்கின. இருவர் ஒன்றுகூடத் தராமல் பூஜ்யம் போட்டிருந்தார்கள். ஒருவர் அட்டை போதாமல் மூன்று பக்கக் கடிதத்தில் சண்டை பிடித்திருந்தார். முப்பத்தேழு பேரின் சராசரி எட்டைத் தொட்டது. மூன்று முறை கூட்டிப் பார்த்தாள்.

முப்பத்தெட்டாவது அட்டை மில்வாக்கியிலிருந்து, சந்திப்பை நடத்தும் ராய்ஸ் டெபட் எழுதியது. அதில் மதிப்பெண்ணே இல்லை.

"எந்த ரயில்ல வர்றீங்க? ஸ்டேஷனுக்கு நாங்க ரெண்டு பேர் வர்றோம்."

அந்த அட்டையை ஓர்ஃபா எந்தச் சராசரியிலும் சேர்க்கவில்லை. ரயில் நேரத்தை எழுதித் தபாலில் போட்டாள்.