அவள் விரலில் பார்த்த என் சர்க்கரை

என் மனைவி சகுந்தலாவுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது என்பது, அவளுக்குத் தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். பாதியில் எழுந்து போனால் என்னைக் கொஞ்சம் நல்லவன் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவீர்கள்.

முதலில் நோயாளி ஆனவன் நான்தான். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை என்றார்கள். டாக்டரம்மா தங்கமானவர். மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மீட்டர் வாங்கச் சொல்லி, விரலில் எப்படிக் குத்துவது என்று தானே குத்திக் காட்டினார். வாரம் மூன்று நாள், வெறும் வயிற்றில் பார்த்து நோட்டில் எழுதி வர வேண்டும்.

"நம்பர் ஜாஸ்தியா இருந்தா நான் திட்டமாட்டேங்க. இருக்கிறத அப்படியே எழுதிட்டு வாங்க. சரி பண்றதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார்.

இதற்கு மேல் ஒரு மருத்துவர் என்ன சொல்ல வேண்டும்? ஆகவே பழியை அவர் மேல் போட எனக்கு வழியில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

நெசவுக்காரனுக்கு விரல் நுனிதான் பிழைப்பு. ஊசி குத்திய இடம் காய்ந்து சொரசொரத்தால் பட்டிழை அதில் மாட்டிப் பிசிறெழும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலை, தறியில் இருந்த சந்தன நிற முகூர்த்தப் புடவையில், குத்திய விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழுந்துவிட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். கறை பழுப்பாக நின்றது. கல்யாணப் புடவையில் ரத்தக்கறை! பெண் வீட்டார் அதைத் தொடவே மறுத்துவிட்டார்கள்.

அன்று பக்கத்தில் உட்கார்ந்து தறிக்கான நூலைத் தார்க்கட்டையில் சுற்றிக்கொண்டிருந்த சகுந்தலா, ராட்டையை நிறுத்திவிட்டு இடது கையை என் முன்னே நீட்டினாள்.

"உங்க வெரலு வாணாங்க. என் வெரல்ல குத்திப் பாருங்க. ஒரே சட்டி சோத்ததான ரெண்டு பேரும் துன்றோம்? எனக்கு இன்னா இருக்குதோ அதான உங்களுக்கும் இருக்கும்!"

அவள் அறியாமல் சொன்னாள். நான்? மீட்டர் பார்ப்பது ரத்தத்தை, சோற்றுச் சட்டியை அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த விரலைப் பிடித்தேன்.

நூற்று இரண்டு. அதை என் நோட்டில், என் பெயரின் கீழ் எழுதினேன்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. காத்திருந்தவர்களிடம் என் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "இவரப் பாருங்க, நாள் தவறாம பாத்து எழுதறாரு!" தென்னேரியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இன்னாபா சாப்பிடற நீ?" என்று ஆவலாகக் கேட்டார். நான் கேழ்வரகையும் முருங்கைக்கீரையையும் பற்றி அவருக்கு உபதேசம் செய்தேன்... வெட்கமே இல்லாமல்!

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி தெரியும் என்று ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அவர் சீட்டு எழுதித் தருவார். அங்கே என் ரத்தத்தையல்லவா எடுப்பார்கள்! அதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பேன். சட்டை துவைக்கப் போகும். அடுத்த முறை ஏதாவது சாக்கு. இப்படி ஒன்றரை ஆண்டு ஓடியது.

பிறகு ஒரு நாள், அவள் விரலில் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது.

மீட்டரில் செருகும் பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் புதுப் பட்டையில் பார்த்தேன். இருநூற்று முப்பது!

"எவ்ளோங்க?" என்றாள், வழக்கம்போல.

"நூத்திப் பத்து."

பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! குடத்துத் தண்ணீரெல்லாம் அவளே குடித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை தொளதொளத்தது. "அசதியா இருக்குதுங்க" என்பாள். எனக்கு நோய் கண்டபோது இருந்த அறிகுறிகள் எல்லாம் என் கண்ணெதிரே நடமாடின. நான் நூற்றுப் பத்து, நூற்றெட்டு, நூற்றுப் பதினைந்து என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஏன்? எனக்கு இன்சுலின் ஊசி போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன் என்று சொன்னால் நீங்கள் பாவம் பார்ப்பீர்கள். உண்மை அதைவிடக் கேவலம். அவளை டாக்டரிடம் அழைத்துப் போனால், எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். நோட்டு பொய் என்று தெரிந்துவிடும். அந்த நோயாளிகள் வரிசையில் எனக்கு இருந்த மரியாதை போய்விடும்! அந்த மரியாதைக்காக, முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் ரத்தத்தை விற்றேன்.

சித்திரை மாதத்தில் மாகறல் கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில். பிராகாரத்துக் கல் தணலாய்க் கொதித்தது. எல்லோரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். சகுந்தலா மட்டும் கைகூப்பியபடி நிதானமாகச் சுற்றி வந்தாள். "இன்னா பக்திமா உனுக்கு!" என்று ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது... பெருமை!

வீட்டுக்கு வந்து பார்த்தால், பாதமெல்லாம் கொப்புளம். அவளுக்குச் சூடே தெரியவில்லை. உணர்ச்சி மரத்துப்போயிருந்தது. கொப்புளம் உடைந்து, புண்ணாகி, கறுத்தது. நோட்டைத் தூக்கிக் காட்டிய அதே டாக்டரம்மாவிடம்தான் கடைசியில் அழைத்துப் போனேன். அவர் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

கட்டு மாற்ற அவளை அழைத்துப் போன ஒரு நாள் டாக்டரம்மா என்னிடம் கேட்டார். கோபத்தோடு அல்ல, ஆற்றாமையோடு. "வீட்லயே மீட்டர் இருக்கே... ஒரு நாளாவது இவங்களுக்குப் பாத்தீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

சகுந்தலா பக்கத்தில்தான் இருந்தாள். மூன்றரை ஆண்டுகள் விரல் கொடுத்தவள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு காலின் கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாமே! எல்லோர் முன்னிலும் என் முகத்தில் காறி உமிழ்ந்திருக்கலாமே!

பழைய எண்களை மீட்டர் நினைவில் வைத்திருக்கும் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டதும், அன்று மாலையே அதை உடைத்து எறிந்துவிட்டுப் புதியது வாங்கினேன். பிறகு என் விரலில் பார்த்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. நோட்டைப் பார்த்துத் திகைத்த டாக்டரம்மாவிடம், "மனக்கவலைங்க" என்றேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்! இன்சுலின் எழுதிக் கொடுத்தார். போட்டுக்கொள்கிறேன். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை.

என் கால்களில் பத்து விரல்களும் இருக்கின்றன. தறியின் மிதியை அவற்றால்தான் மிதிக்கிறேன். அவள் நொண்டி நொண்டி வந்து தார்க்கட்டைகளைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள்.

இப்போது காலையில் அவள் விரலில் அவளுக்காகவே பார்க்கிறேன். நான் வாய் திறப்பதற்குள் மீட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "எவ்ளோங்க?" என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

ஒரே ஒரு முறை கேட்டாள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில். முறத்தில் அரிசி புடைத்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்போ மொத மொதல்ல என் வெரல்ல ஏறுச்சே... எவ்ளோங்க காட்டுச்சு?"

"ஞாபகம் இல்ல சகுந்தலா" என்றேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு. உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.