சோதனை நாளின் கவசம்

சிதம்பரத்தில் மருந்துக்கடைக்காரர் புது முகக்கவசப் பெட்டியைப் பிரித்ததும் எழுந்த ரப்பர் வாடைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடலூரில் ஒரு ரசாயனக் கம்பெனியின் மதிலோரம் இருந்து, இப்போது முள்காடாகிவிட்ட எங்கள் குடியிருப்பு அந்த வாடையோடு திரும்பி வந்தது: அழுகிய முட்டை நாறும் காற்று, சோற்றிலும் தலையணையிலும் அதே நாற்றம், வேலை செய்யும்போது அப்பா மூக்கில் கட்டிக்கொள்ளும் ஈரத்துண்டு, அம்மா அதைத் தனி வாளியில் எத்தனை முறை அலசினாலும் போகாத மஞ்சள் கறை.

கவசத்துக்குப் பழந்தமிழில் மெய்ம்மறை என்று பெயர், மெய்யை, அதாவது உடம்பை மறைத்துக் காப்பதால் வந்த சொல் என்று தமிழ் டீச்சர் சொன்ன அன்று, பள்ளிவிட்டு வரும் வழியில் கம்பெனி வாசலில் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரோடும் வரிசையில், முகத்தில் புத்தம்புது ரப்பர் கவசத்தோடு நின்றார். சோதனைக்கு வந்த அதிகாரிகளின் ஜீப் புறப்பட்டுத் தெருமுனை திரும்பியதுமே சூப்பர்வைசர் அட்டைப்பெட்டியை நீட்டி, ஒவ்வொருவரின் கவசத்தையும் கழற்றச் சொல்லி, எச்சிலைக்கூடத் துடைக்காமல் அடுத்த சோதனைக்கென்று அடுக்கிக் கட்டினார்.

"ஏம்ப்பா வாங்கிக்கிட்டாங்க?" என்றேன்.

"சாமிக்கே திருநாளுக்குத்தான் கவசம் சாத்துறாங்க. நமக்குத் தெனமும் கேக்குதா?" என்று சிரித்த அப்பாவுக்கு, சிரிப்பு இருமலில்தான் முடிந்தது.

சாமி மூச்சு விடுவதில்லை என்று சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.