மழையா, மாலாவா

வாயால் சொன்னால் போதும், போனே தமிழில் எழுதிவிடும் என்று மகள் என் புதுப் போனில் எதையோ தட்டிக் காட்டிவிட்டுப் போனாள். கண்ணாடியைத் தேடி எடுத்து ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்க வேண்டாமே என்று நானும் மகிழ்ந்துபோனேன். போன வாரம் ஒரகடத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது வாலாஜாபாத் பக்கம் வானம் கறுத்தது. வீட்டில் இருந்த கணவருக்கு, போனை வாயருகே பிடித்து, "மழை வருது, மாடியில துணிய எடுத்துடுங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அது அவருக்கு, "மாலை வருது மாடியில் துணையை எடுத்துடுங்க" என்று எழுதி அனுப்பியிருக்கிறது. அவருடைய போன் அதைவிடக் கெட்டி. பதிலையும் தானே யோசித்து, "சரி, மிக்க நன்றி!" என்று கீழே காட்டியிருக்கிறது. மனிதர் அதைத் தொட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

நான் வீடு சேர்ந்தபோது போர்வை, பாவாடை எல்லாம் மாடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

"சாயங்காலம் வரேன்னு சொல்றன்னு நெனச்சேன்."

"துணைய எடுன்னா என்னான்னு நெனச்சீங்க?"

"அதான் புரியல. உனக்கே புரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

இப்படிப்பட்ட கருவிகளோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லித் தந்தால் தேவலை. கேஸ் புக் பண்ணப் போனால் ஆப்பைப் புதுப்பிக்கச் சொல்கிறது. புதுப்பித்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. பாஸ்வேர்டைப் போட்டால், இது பழையது, வேறு யோசி என்கிறது. யோசித்துப் போட்டால், பலவீனமாக இருக்கிறது என்று மட்டம் தட்டுகிறது. கணவருக்குப் பரிசாக வந்த கைக்கடிகாரம் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டிருக்கிறார். நான் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே சோதனை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அப்பாடா என்று உட்கார்ந்தால், அது மணிக்கட்டில் நடுங்கி, 'எழுந்து நில்லுங்கள்' என்கிறது. மாமியார்கூட அப்படிச் சொன்னதில்லை.

நனைந்த துணிகளைப் பிழிந்து அறைக்குள் கொடி கட்டிப் போட்டேன். பாதி காய்ந்த துணி அடைத்த அறையில் ஒரு வாடை வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும். புளித்த மாவும் சோப்பும் கலந்த மாதிரி. அந்த வாடைக்குள் நிற்கும்போது கோபம் கொஞ்சம் தணிந்து, கல்யாணத்துக்கு முன் வேலைக்காகத் தங்கியிருந்த பிள்ளைப்பாக்கத்து அறை ஞாபகத்துக்கு வந்தது.

ஹாஸ்டல் என்று பெயர்தான். நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்த குடும்பம் ஒன்று, மிச்சமிருந்த இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்டு வரிசையாகக் கட்டிய அறைகள். ஹவுஸ் ஓனர் அம்மாவை எல்லாரும் அக்கா என்போம். என் ஊர் வாலாஜாபாத்துக்கு உள்ளே தள்ளி. தூரம் ஒன்றுமில்லை. ஆனால் கம்பெனி பஸ் அங்கே வராது என்பதால் நானும் தெற்கத்திப் பெண்களோடு அங்கே தங்கினேன். அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு. அதில் எங்கள் கம்பெனி கோட்டுகள் எந்நேரமும் ஈரமாகத் தொங்கும். தலையில் படாமல் நடக்கக் குனிந்து குனிந்து எனக்கு அந்த வயதிலேயே கூன் விழுந்துவிடும்போல் இருந்தது.

நாங்கள் செய்ததும் போன்தான். பட்டன் போன். என் வேலை, வருகிற ஒவ்வொரு போனிலும் எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்ப்பது. எனக்கு எதிரில் பின்மூடி மாட்டுகிறவள் இசக்கியம்மாள், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பெண். மெலிந்த உடம்பு, பேச்சு வெளியே வராது. சூப்பர்வைசர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். நாளெல்லாம் போன் எங்கள் கை வழியே ஆறாக ஓடும். ஆனால் எங்கள் சொந்தப் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். அந்தச் சொந்தப் போனும் அறைக்கே ஒன்றுதான். என்னுடையது. ஐந்தாம் நம்பர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டிருந்தது. அதில் வருகிற செய்தி யாருக்கு என்று பார்த்து நான் பட்டுவாடா செய்ய வேண்டும்.

அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிப்போம். குறில் நெடில் கிடையாது, லகரம் ளகரம் ழகரம் எல்லாம் ஒன்று. அதையும் வாசித்துப் புரிந்துகொண்டு காலம் தள்ளினோம். ஒரே ஒரு தடவை மாட்டிக்கொண்டோம்.

காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் லாக்கரைத் திறந்தபோது இசக்கியின் தம்பி, யாரோ நண்பன் போனிலிருந்து அனுப்பியிருந்தான். அதை அவன் அடித்தபடியே எழுதுகிறேன்: "mala vanthachu. appa vayalukku pogala. amma ore santhosam."

"உங்க ஊர்ல மழையாம்டி" என்று போனை நீட்டினேன்.

இசக்கி வாசித்தாள். லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மழ இல்லக்கா. மாலா. எங்கக்கா வந்துருக்கா."

இசக்கிக்கு ஓர் அக்கா உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மாலா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றோடு அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்வது நின்றுவிட்டது. அப்பா அவளுடைய போட்டோவைக் கிழிக்கவில்லை, திட்டவில்லை, சாபம் விடவில்லை. பெயரைச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் யாரும் சொல்வதில்லை. இவ்வளவையும் இசக்கி கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

தம்பி அனுப்பிய நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஊரில் கரண்ட் இல்லையோ என்னவோ. அறைக்கு வந்தும் விடாமல் அடித்துப் பார்த்தோம். அந்தப் பதிவுக் குரல்காரி தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எங்களை வெறுப்பேற்றினாள்.

செய்தியை மறுபடி மறுபடி வாசித்தோம். எப்படி வாசித்தாலும் இரண்டுக்கும் பொருந்தியது. மழை வந்தாலும் அப்பா வயலுக்குப் போகமாட்டார், மகள் வந்தாலும் போகமாட்டார். வந்தாச்சு என்று பொதுவாக முடித்துவிட்டானே, வந்துட்டா என்றோ வந்துட்டு என்றோ அடித்திருந்தால் என்ன கேடு அந்தப் பையனுக்கு!

மோட்டார் போட வந்த ஹவுஸ் ஓனர் அக்கா நின்று கேட்டார்.

"இதுக்கா இவ்ளோ பஞ்சாயத்து? அம்மா சந்தோசமா கீதுன்னா மழதான். வெதைக்க ஆரம்பிப்பாங்க."

"பொண்ணு வந்தா அம்மாவுக்குச் சந்தோசம் இருக்காதாக்கா?" என்றேன்.

அக்கா யோசித்தார். "அதுவும் இருக்கும். எங்க வூட்ல இப்போ மழ வந்தா யாரு சந்தோசப்படுறாங்க? ஷீட்டு ஒழுவுதேன்னு பக்கெட்டு தேடிக்கினு ஓடறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இசக்கியால் உட்கார முடியவில்லை. மாலா வந்தது உண்மையானால், அப்பா எந்த நேரத்தில் தட்டை வைத்துவிட்டு எழுவாரோ, அவள் எந்த நேரத்தில் திரும்பிப் போய்விடுவாளோ. வெறும் மழையானால், சொல்லாமல் லீவு போட்டு ஊருக்கு ஓடியதற்கு வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும். இரண்டில் ஒன்று தெரிய வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் அறைக்குப் பக்கத்து ரோட்டில் டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி சுரண்டைக்காரர், இசக்கி ஊர்ப் பக்கம். அவர் ஊரில் மழையா என்று கேட்டால் போகிறது! ஓடினோம். அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, டீயை ஆற்றுவதை நிறுத்தாமலே போனைத் தோளில் இடுக்கி மைத்துனரைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அங்க மழ உண்டா? ... என்னது? ... சரி சரி, வையி." எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒரு பொட்டு கெடையாதாம். வெயிலு மண்டையப் பொளக்குதாம்."

இசக்கி அங்கேயே அழ ஆரம்பித்தாள். பிறகு, கையில் இருப்பதைக் கீழே போடுகிற அதே பெண், நான் ஓடினாலும் பிடிக்க முடியாத வேகத்தில் அறைக்குப் போனாள். தீபாவளிக்கென்று வைத்திருந்த, உடுத்தாத சுடிதாரைப் பைக்குள் திணித்தாள். "அக்காவுக்குச் சரியா இருக்கும்லா?" என்று மட்டும் கேட்டாள். அவளைப் பெருங்களத்தூர் வரை கொண்டுபோய்த் தெற்கே போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக்கொண்டார். "எங்கேம்மா உன் பார்ட்னரு?"

"அவங்க அக்கா வந்திருக்காங்க சார்."

"அக்கா வந்தா லைனை நிறுத்திடணுமா? எனக்கும்தான் மச்சினன் வந்து கீறான், நான் வூட்டுக்கா போயிட்டேன்?"

அவள் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று கேட்க அறையே சுற்றி உட்கார்ந்தது. இசக்கி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"பஸ்ஸ விட்டு எறங்குனேன். செருப்பு சேத்துல புதஞ்சிட்டு. அப்பவே தெரிஞ்சு போச்சு."

மழைதான். சுரண்டையில் பெய்யாத மழை அவர்கள் ஊரில் கொட்டித் தீர்த்திருக்கிறது. திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்று ரோட்டிலேயே நின்றிருக்கிறாள். அதற்குள் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போனால், அப்பா விதைப் பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

"என்னட்டி சொல்லாம கொள்ளாம வந்து நிக்க? வேலைய விட்டு எடுத்துட்டானா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லவும் தைரியம் வேண்டுமே. "மாலாக்கா வந்துட்டான்னு நெனச்சு வந்தேம்ப்பா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வந்து நின்றாளாம். தம்பி வாசலோடு நின்றுவிட்டானாம். அப்பா இசக்கியின் பையிலிருந்து எட்டிப்பார்த்த சுடிதாரைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா அன்று முழுக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதபடி சமைத்தாள். இசக்கி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்ந்து அப்பா வந்தார். கால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது. எழுந்து போய்விடுவார் என்று எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் மகனைப் பார்த்து, "ஏல, அவ இருக்க பக்கம் மழ உண்டான்னு கேளு" என்றாராம்.

"எவளுன்னு யாருமே கேக்கலக்கா" என்றாள் இசக்கி. தம்பியிடம் மாலாவின் நம்பர் எப்போதிருந்தோ இருந்திருக்கிறது. அவன் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் போன் வாங்கி வந்து, அப்பா முன்னாலேயே கூப்பிட்டான். மாலா, மழை உண்டு என்று சொன்னாளா, இல்லை என்று சொன்னாளா என்று யாருக்கும் நினைவில்லை. அந்தப் பொங்கலுக்கு அவள் கணவனோடு வந்தாள். சுடிதார் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததாம்.

இசக்கியின் வேலை நிரந்தரமாவது தள்ளித்தான் போயிற்று. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் சூப்பர்வைசரைக் கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கம்பெனியே மூடிவிட்டது. எங்கள் கையால் செய்த பட்டன் போனை இப்போது யாரும் வாங்குவதில்லை. நாங்கள் ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற கேட்டில் கொடி படர்ந்திருக்கிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது அண்ணாச்சி கடை போயிற்று. அவர் எங்கே போனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. ஹவுஸ் ஓனர் அக்கா வீட்டு அறைகளை இடித்துவிட்டு கோடவுன் கட்டியிருக்கிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்ட சாமான்கள் அங்கிருந்துதான் வண்டி வண்டியாகக் கிளம்புகின்றன.

இசக்கி கல்யாணமாகி ஊர்ப்பக்கமே இருக்கிறாள். துணி நனைந்த அன்று மனசு கேட்காமல் அவளைக் கூப்பிட்டேன். வீடியோ காலில் முதலில் அவள் வீட்டு மின்விசிறி தெரிந்தது, பிறகு அவள் நெற்றி தெரிந்தது. பிள்ளைகள், வேலை, முழங்கால் வலி எல்லாம் பேசினோம். "மாலாக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்காக்கா. குடும்பக் குரூப்புல தெனம் விடியக்காலம் ரோசாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்புதா. அப்பா ஒரு கட்டைவிரலு போடுவாரு. தம்பி கும்புடு போடுவான். எனக்குத் தூக்கம் கெடுதுன்னு நான் மியூட்ல போட்டுட்டேன்."

"பேசுறியா அவகிட்ட?"

படம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்தபடி இருந்தாள். போன் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டுக் கடைசியில் குரலை மட்டும் கொண்டுவந்து சேர்த்தது.

"தெனமுந்தான் மெசேஜ் வருதே. தனியா என்னத்தக்கா பேச?"