இதர

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் ஆபீஸ் வேலை பார்த்தேன். வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். மண் அரைக்கும் கொட்டகையிலிருந்து வரும் வெள்ளைத் தூசி கீபோர்டில் படிந்திருக்கும். காலையில் வந்ததும் அதைத் துடைப்பதுதான் என் முதல் வேலை.

எங்கள் மேனேஜருக்குக் காகிதம் ஆகாது. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதால், லீவு லெட்டரையெல்லாம் மெயில் ப்ரோக்ராமிலேயே ஃபார்மாகப் போடச் சொன்னார். மெயிலும் காலண்டரும் சேர்ந்த ப்ரோக்ராம் அது. ஃபார்மைத் திறந்து நமக்கு வேண்டிய கட்டங்களை இழுத்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அனுப்புவோம், அவர் 'சரி' அல்லது 'முடியாது' என்ற பட்டனை அழுத்துவார்.

"காரணம் கட்டாயம் இருக்கணும்மா. எழுதாம அனுப்புனா போவக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

தமிழ் எழுத்து அந்தக் கம்ப்யூட்டரில் வெறும் சதுரம் சதுரமாகத் தெரியும். அதனால் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்து மூன்று காரணங்கள் வைத்தேன்: உடம்பு சரியில்லை, விசேஷம், இதர. 'கட்டாயம்' என்ற இடத்தில் டிக் போட்டதும் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ஏனென்றால் முதலில் மாட்டிக்கொண்டது நான். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மாதம் ஒரு நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த நாள் என்று டாக்டர்தான் சொல்வார். அந்த நாளை விட்டால் அந்த மாதமே வீண். ஆபீசில் இதை யாருக்கும் சொல்ல நான் தயாராக இல்லை. வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது என் விஷயம், அவ்வளவுதான்.

முதல் மாதம் 'உடம்பு சரியில்லை' போட்டேன். மேனேஜர் தன் ரூமை விட்டு வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், "உடம்புக்கு என்னம்மா? நல்லாத்தான இருக்க?" என்றார். இரண்டாம் மாதம் 'இதர' போட்டேன். "இதரன்னா என்னம்மா?" என்று உள்ளிருந்தபடியே கத்தினார். ஆறு பேர் தலை திரும்பியது. சொந்த வேலை என்று முணுமுணுத்தேன்.

மூன்றாம் மாதம் புத்திசாலித்தனமாக 'விசேஷம்' போட்டேன். யார் வீட்டிலாவது காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. மறுநாள் ஆபீசுக்கு வந்தால், மேஜை மேல் ஜாங்கிரி டப்பா. எதிர் சீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசேஷம்னு சொல்லவே இல்லையே! எத்தினி மாசம்?" என்றார். கட்டத்தில் இருந்ததை மேனேஜர் எல்லோருக்கும் படித்துக் காட்டியிருக்கிறார்.

"இல்லக்கா. அது வேற விசேஷம்" என்றேன்.

அக்காவின் முகம் விழுந்தது. ஜாங்கிரியை யாரும் எடுக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சாயங்காலம் வரை அது எறும்பு மொய்க்க என் முன்னால் கிடந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். அழுது முடித்ததும் பயங்கர ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்து ஃபார்மைத் திறந்தேன். அந்த ப்ரோக்ராமில் ஒரே ஃபார்முக்கு இரண்டு பக்கம் வைக்கலாம். எழுதி அனுப்புகிறவருக்கு ஒன்று, வாங்கிப் படிக்கிறவருக்கு இன்னொன்று. எங்கள் பக்கத்திலிருந்து காரணக் கட்டத்தைத் தூக்கினேன். அதே மூன்று காரணங்களோடு மேனேஜர் பக்கத்தில் வைத்தேன். 'முடியாது' என்று அழுத்தினால் ஏன் என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் பதில் போகாது. யாரையும் கேட்கவில்லை.

நான்காம் மாதம் வியாழக்கிழமை லீவு கேட்டு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து சத்தம்.

"என்னம்மா இது, என்னயக் காரணம் கேக்குது?"

"எழுதாம போவாது சார். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

பதில் வந்தது. முடியாது. காரணம்: இதர.

எழுந்து அவர் ரூம் வாசலில் போய் நின்றேன். கதவைச் சாத்தவில்லை.

"இதரன்னா என்ன சார்?"

ஆபீசில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது.

"அன்னிக்கி லோடு போவுதும்மா."

"லோடு வெள்ளிக்கிழமைங்க. காலண்டர்ல இருக்குது, பாருங்க."

அவர் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "அந்த ஃபார்ம பழையபடி மாத்திடு" என்றார்.

"மாத்த மாட்டேன் சார். வேணும்னா வேற ஆளு வச்சி மாத்திக்குங்க. வேலய வுட்டுப் போவச் சொன்னாலும் போறேன், வியாழக்கிழம ஆபீசுக்கு மட்டும் வர மாட்டேன்."

நான் என் சீட்டுக்குத் திரும்புவதற்குள் 'சரி' வந்திருந்தது. அடுத்த வாரம் எதிர் சீட்டு அக்காவும் ஒரு லீவு போட்டார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வேலையை விடும் வரை அந்த ஃபார்ம் அப்படியேதான் இருந்தது.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில், அப்புறம் குழந்தை பிறந்ததா என்று கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள். அதற்குப் பதில் எழுதும் கட்டத்தை நான் அன்றைக்கே எடுத்துவிட்டேன்.